பின்சக்கரத்தில் இரண்டு மில்லிமீட்டர்

"எத்தனைன்னு கேட்டேன்."

"பழசை எதுக்குக் கிளறுற?"

"எத்தனை?"

"ரெண்டு."

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"எவ்வளவு நாளா?"

இதற்குப் பதில் வரத் தாமதமானது. அதற்குள் எங்கள் தெருவில் ஏழு ஜன்னல்கள் திறந்துகொண்டன. மாலை நாலு மணி, யாருக்கும் பெரிதாக வேலை கிடையாது. எங்கள் கட்டடத்துக் கீழே சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "ரெண்டு", "ரெண்டு பக்கமும்" என்று கேட்டவுடன் அவருக்கு எதிர்வீட்டு மனிதருக்கு இரண்டு குடும்பம் என்று தோன்றிவிட்டது. "இந்த ஆளுக்கா?" என்று என்னைப் பார்த்தார். குரலில் அதிர்ச்சியைவிட மரியாதைதான் அதிகம். யாருடையதோ ஒரு காலர் அன்றைக்குத் தீய்ந்தது.

"மூணு வருஷமா" என்று கடைசியில் பதில் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. ஜன்னல்களுக்குப் பெரிய ஏமாற்றம். பேச்சு ஒரு காரின் பின்சக்கரங்களைப் பற்றியது என்று தெரிந்ததும் சலவைக்கடைக்காரர், "இதுக்கா இந்தக் கத்தல்?" என்று பெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பற்றவைத்தவளே நான்தானே.

நான் முதல் மாடி. என் சமையலறை ஜன்னலும் அவர்களுடைய பட்டறை வாசலும் நேருக்கு நேர். வேண்டுமென்று பார்ப்பதில்லை, பாத்திரம் கழுவுகிற தொட்டி அங்கேதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் பாத்திரம் மிகவும் சுத்தமாக இருக்கும்.

கீழே பட்டறை, மேலே அவர்கள் வீடு. கார்ச் சக்கரங்களை நேர்செய்கிற பட்டறை. ஊரார் கார்களுக்கு அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மனசுக்கு நெருக்கமான கார் என்றால் மட்டும் நூல். காரின் இரண்டு பக்கமும் தாங்கிகளை நிறுத்தி, முழங்கால் உயரத்தில் நைலான் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுவார். சக்கரத்தின் முன் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளி, பின் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு என்று எஃகு அளவுகோலை வைத்துப் பார்ப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சக்கரம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பதைச் சொல்லும். பந்தயக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் பார்ப்பார்களாம். தெருவில் அவருக்கு நூல்காரர் என்று பெயர் வைத்தோம். அவர் மனைவி ரேஸ்காரி. மூன்றாவதாக அந்த வீட்டில் நூல்காரரின் பெரியக்கா. தம்பிக்கு வாய்த்தவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெல்மெட் போடுகிறாளே என்ற ஒரே குறையோடு ஒன்பது வருஷமாக நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிய அம்மாள்.

ரேஸ்காரியின் கார் பச்சை நிறம். இரண்டே இருக்கை. மூக்கு மட்டும் ஒரு கட்டில் நீளம். நம் வீட்டுக் கார்களை முன்சக்கரங்கள் இழுத்துக்கொண்டு போகும். அவளுடையதைப் பின்சக்கரங்கள் தள்ளிக்கொண்டு போகும். நானூறு குதிரைத்திறனும் பின்னால் இருக்கிற இரண்டு டயருக்குத்தான். வளைவில் ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திப் போகப் பார்க்கும். போனால் கார் பம்பரம். ஆனால் கெட்டிக்கார ஓட்டுநர் அந்த வீச்சை வைத்தே காரைத் திருப்பிவிடுவார். "ஸ்டியரிங் பாதி கையில இருக்கு, பாதி கால்ல இருக்கு அக்கா" என்று ஒருமுறை படிக்கட்டில் வைத்து எனக்கு விளக்கினாள். வெங்காயக் கூடையைக் கீழே வைக்காமலேயே இடுப்பை மட்டும் லேசாகத் திருப்பிக் காட்டினாள். எனக்குக் கார் விளங்கியதோ இல்லையோ, அவள் எதற்காக உயிரை விடுகிறாள் என்பது விளங்கிவிட்டது.

அந்தப் பின்பக்கத்தைக் கட்டி வைக்கிற வித்தை சக்கரத்தின் நிற்பில் இருக்கிறது. இரண்டு பின்சக்கரங்களின் மூக்கும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி மயிரிழை உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஓடுகிற பேருந்தில் விழாமல் நிற்க நாம் கால்விரல்களைக் கொஞ்சம் உள்பக்கம் கூட்டிக்கொள்வதில்லையா, அப்படி. கூட்டக் கூட்டப் பின்பக்கம் சமர்த்துப் பிள்ளையாக ஒட்டிக்கொண்டு வரும். அதிகமாகக் கூட்டினாலோ அது ஒட்டுகிற ஒட்டில் முன்பக்கம் திரும்ப மறுத்து வளைவுக்கு வெளியே தள்ளும். ஆபத்து இல்லை, வேகமும் இல்லை. ரேஸ்காரிக்கு ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் அவளுக்குக் கட்டிப்போட்ட மாதிரி.

அவர்கள் இருவரும் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு பக்க நூலின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் அவள். அவர் ஒரு எண்ணை வாய்விட்டுச் சொல்வார், அவள் அதே இடத்தில் தன் அளவுகோலை வைத்துப் பார்த்து அதே எண்ணைச் சொல்வாள். இருவர் வாயிலும் ஒரே எண் வந்தால்தான் நட்டை இறுக்குவது. அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது என்பது சட்டம். ஓட்டுகிறவள் உட்கார்ந்திருந்தால்தான் கார் சரியாக அமுங்கி நிற்கும். ஆனால் அவள் அளக்கக் கீழே இறங்க வேண்டுமே. அதற்காக அவள் எடைக்கு மணல் நிரப்பி மூன்று மூட்டை தைத்து வைத்திருந்தார். "ஏய், இந்த வாரம் எவ்வளவு?" என்று பட்டறையிலிருந்து கத்துவார். "அறுபத்தொண்ணு" என்று மாடியிலிருந்து பதில் வரும். அவர் ஒரு கிலோ மணலைக் கொட்டுவார் அல்லது சேர்ப்பார். தெருவில் எடை ரகசியமாக இல்லாத ஒரே பெண் அவள்தான். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

இன்னொன்று. மாடியில், பெரியக்கா முன்னால், அவள் அவரை "நீங்க" என்பாள். பட்டறைக்குள் கால் வைத்தவுடன் "நீ". பெரியக்காவுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், தொட்டியின் புண்ணியம். அந்த "நீ"யில் இருந்த சலுகையை நான் எந்த வீட்டு "நீங்க"விலும் கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தயத் தடத்தின் மூன்றாவது வளைவில் பின்பக்கம் அவளை முந்திக்கொண்டது. கார் இரண்டு சுற்றுச் சுற்றித் தடுப்பு டயர்களில் போய் முட்டியது. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நூல்காரர் நின்றிருந்தார். புழுதி அடங்க எட்டு வினாடி ஆனதாம். எண்ணியிருக்கிறார். புழுதிக்குள்ளிருந்து அவள் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். காறையெலும்பு உடைந்திருந்தது. "சீக்கிரம் மிதிச்சிட்டேன், என் தப்புதான்" என்றாள். ஆஸ்பத்திரியிலும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நான் பழம் வாங்கிக்கொண்டு போனபோது ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு அழுக்கு எந்தக் கண்ணாடியிலும் இருக்காது.

எலும்பு கூடியது. அவள் மறுபடி ஓட்டினாள். சனிக்கிழமை மதியங்களில் நூல் கட்டினார்கள், எண் சொன்னார்கள், நட்டை இறுக்கினார்கள், அவள் குளிக்க மாடிக்குப் போனாள். அப்புறம்தான் அது. அவர் ஒரு நிமிஷம் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு காருக்குப் பின்னால் போய் மல்லாந்து படுத்து, ஸ்பேனரோடு உள்ளே நகர்ந்து, இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம். எழுந்து தூசியைத் தட்டிக்கொள்வார். வாரா வாரம் பார்த்தேன். ஏதோ கடைசியாக ஒரு தடவை சரிபார்க்கிறார், எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிக் காட்டவும் செய்தேன்.

அதன் பிறகு இரண்டு வருஷம் அவள் ஜெயிக்கவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து ஒரே புகார். "முன்னாடி தள்ளுது. திருப்புனா திரும்ப மாட்டேங்குது." அவர் ஒவ்வொரு முறையும் குனிந்து எதையோ பார்த்துவிட்டு ஒரே பதில் சொல்வார்.

"காரு சரியாத்தான் இருக்கு. நம்பரை நீயே சொன்னே இல்ல? உன் கால்தான். விழுந்ததுலேர்ந்து கால் பயப்படுது."

முதலில் சண்டை போட்டாள். பிறகு யோசித்தாள். பிறகு நம்பினாள். யார் சொன்னது, அவர் அல்லவா? தன்னோடு சேர்ந்து எண் சொன்ன மனுஷன். படிக்கட்டில் நடக்கும்போதுகூடத் தன் வலது காலைப் பார்த்துப் பார்த்து இறங்க ஆரம்பித்தாள். ஒருமுறை, "ஏன்கா, பயம் நமக்குத் தெரியாமலே உடம்புல உட்காருமா?" என்று கேட்டாள். உட்காரும் என்று பெரிய மேதை மாதிரி நான் தலையாட்டினேன்.

போன வருஷம் ஒரு பெரிய அணி சம்பள ஓட்டுநராக ஓர் ஆளை எடுப்பதாக அறிவித்தது. அவரவர் காரில் வந்து பத்துச் சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். அவளுக்கு முப்பத்தைந்து முடிந்திருந்தது. இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுடைய பழைய நேரம் சுற்றுக்கு ஒரு நிமிஷம் நாற்பத்திரண்டரை வினாடி. அன்றைக்கு நாற்பத்து நாலுக்குக் கீழே இறங்கவே இல்லை. அணியின் மேலாளர் நல்ல மனிதராம், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: கார் பிரமாதமாக நிற்கிறது, ஓட்டுகிறவரின் கால்தான் தயங்குகிறது.

வீட்டுக்கு வந்து கையுறைகளைத் துவைத்தாள். கொடியில் காயப்போட்டாள். அவை ஒரு மாதம் வரை அங்கேயே கிடந்தன, வெயிலில் வெளுத்து, விரல்களெல்லாம் விறைத்து. பச்சைக் காருக்கு உறை போட்டாயிற்று. மணல் மூட்டைகள் இருக்கையிலேயே இருந்தன. ரேஸ்காரி இரண்டு தெரு தள்ளி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, வரதட்சணைக் கார் வாங்கிய மாப்பிள்ளைகளுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். பெரியக்கா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். நூல்காரரும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். அவள் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு போவதைப் பார்த்தேன்.

இப்போது என் வாய்க்கு வருவோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சலவைக்கடையில் அவளும் நானும் காத்திருந்தோம். சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் மாதிரி பொறுப்பான ஆளைப் பார்த்ததில்லம்மா. நீ ரேசுக்குப் போற காலத்துல, அளந்து முடிச்சு நீ குளிக்கப் போனப்புறமும் தனியா ஒரு தடவை பின்னாடி படுத்து முடுக்கிட்டுதான் எழுந்திருப்பார்" என்றேன். புகழ்ச்சியாகத்தான் சொன்னேன்.

"எப்போ?" என்றாள்.

"வாராவாரம்."

கையிலிருந்த துணிப்பையைப் பெஞ்சில் வைத்தாள். எங்கள் மாடிப்படிக்குக் கீழே அவள் காரின் பழைய பின்டயர் ஒன்று கிடந்தது. மேலே பலகை போட்டு உட்கார்ந்து பூண்டு உரிப்பதற்காக நான் கேட்டு வாங்கியது. நேராக அதனிடம் போனாள். பலகையைத் தள்ளிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே தடவினாள். பிறகு உள்ளேயிருந்து வெளியே தடவினாள். இன்னொரு முறை.

"அக்கா, கையை வைங்க" என்றாள்.

வைத்தேன். ஒரு திசையில் பட்டு மாதிரி போனது. மறு திசையில் ரம்பம். வெளி ஓரத்து ரப்பர்க் கட்டிகளெல்லாம் கூராகத் தேய்ந்திருந்தன. சக்கரம் நேராக ஓடாமல் உள்பக்கம் பார்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் தரையைச் சுரண்டியிருந்தால்தான் அப்படித் தேயும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த டயர்மேல் உட்கார்ந்து ஒரு வருஷமாகப் பூண்டு உரித்தவளுக்கு என்ன தெரியும்?

அவள் தெருவைக் கடந்து போனாள். மீதியை ஏழு ஜன்னல்களும் கேட்டன.

அன்றைக்குத்தான் முதல்முதலாக, பெரியக்கா முன்னாலேயே, மாடியில் வைத்தே, அவரை "நீ" என்றாள். பெரியக்காவுக்கு அதுதான் பெரிய குற்றமாகப் பட்டது. அதைச் சமாளித்துக்கொண்ட பிறகு தம்பிக்காகப் பேச வந்தாள். பேசியதில் ஒன்றும் தப்பில்லை, அதுதான் கொடுமை.

"பொண்டாட்டி உயிரோட இருக்கணும்னு நெனச்சான். அது ஒரு குத்தமா? வேற எவனாவது இப்படி நெனப்பானா?"

"அதுக்குக் கோவம் இல்ல அண்ணி" என்றாள் ரேஸ்காரி. குரல் இறங்கிவிட்டது, நான் பாத்திரக் குழாயை மூட வேண்டியிருந்தது. "பயமா இருக்கு, ஓட்டாதேன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். போட்டு முடிச்சு ஒருவேளை நிறுத்தியும் இருப்பேன். காரு சரியாத்தான் இருக்கு, உன் கால்தான்னு சொன்னாரே. மூணு வருஷம் நம்ப வச்சாரே."



மூன்று நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளிக்கிழமை அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள் என்று பெரியக்கா வந்து என்னிடம் புலம்பினாள். காரை அவள் கேட்ட அளவுக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பாள். கால் உண்மையிலேயே பயந்திருந்தால், அவர் பொய் சொன்னதாக ஆகாது; அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவாள். பெரியக்கா உடனே பிரார்த்தனையில் இறங்கினாள், தம்பி பெண்டாட்டி மெதுவாக ஓட்ட வேண்டும் என்று. நானும் அதையேதான் வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் ரேஸ்காரி என் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கீழே போனேன். உறை எடுத்திருந்தார்கள். நூல் கட்டியாகிவிட்டது. நூல்காரர் பழைய பழக்கத்தில், "எடை இப்போ எவ்வளவு?" என்று கேட்டார். அவள் சொல்லவில்லை. மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டுத் தானே போய் உட்கார்ந்துகொண்டாள். மெலிந்திருந்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னொரு கோடியில அக்கா பார்ப்பாங்க" என்றாள் காருக்குள்ளிருந்து.

"அவங்களுக்கு என்னம்மா தெரியும்?"

"பார்த்ததைச் சொல்லத் தெரியும். மறைக்க வராது."

பாராட்டா, சவுக்கடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அளவுகோலை என் கையில் கொடுத்தார். எங்கே வைக்க வேண்டும், கண்ணை எந்த உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். நான் குனிந்து படித்தேன். முன் விளிம்பு எழுபத்து நாலு. பின் விளிம்பு எழுபத்தொன்று. சத்தமாகச் சொன்னேன். மூன்று மில்லிமீட்டர். அவள் கேட்டது ஒன்று. மிச்சம் இரண்டும் எல்லோர் முன்னாலும் அந்த நூலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றன.

அவர் படுத்து உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது, கிரீஸால் மட்டுமில்லை. "எழுபத்து மூணு, எழுபத்து ரெண்டு" என்றேன். அவரும் தன் பக்கத்தைச் சொன்னார். ஒரே எண். காருக்குள்ளிருந்து அவள், "இறுக்குங்க" என்றாள்.

"இறுக்குங்க." பட்டறைக்குள் வைத்து. நட்டின்மேல் வைத்த ஸ்பேனர் ஒரு கணம் அசையவில்லை. பிறகு இறுக்கினார். காருக்குள்ளிருந்து அவள் அந்தப் பின்சக்கரத்தைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வண்டியில் ஒரு இடம் காலியாக இருந்தது. கூப்பிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான், நானே ஏறிக்கொண்டேன். முன்னால் நூல்காரர், பின்னால் பெரியக்காவும் நானும். எங்களுக்கு முன்னால் பச்சைக் கார் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம், மூன்றாவது வளைவுக்கு நேராக. முதல் நாலு சுற்றுப் பார்க்கவே பாவமாக இருந்தது. வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக் பிடித்தாள். நாற்பத்தைந்து, நாற்பத்து நாலரை. "பாத்தியா, பயம்தான்" என்று பெரியக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள். நூல்காரர் கையிலிருந்த கடிகாரத்தையும் தடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் நம்பிக்கை வருவதை நான் பார்த்தேன். ஒரு மனுஷன் தன் பெண்டாட்டி தோற்க வேண்டும் என்று அவ்வளவு பிரியத்தோடு நிற்பதை இனி எங்கே பார்க்கப் போகிறேன்?

ஆறாவது சுற்றில் என்னவோ ஆனது. மூன்றாவது வளைவுக்குள் கார் நுழைந்தபோது இன்ஜின் சத்தம் குறைய வேண்டிய இடத்தில் குறையவில்லை. பின்பக்கம் வெளியே வீசியது. பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பின்பக்கம் வீசிய அளவுக்கு முன்சக்கரங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றன, துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூக்கு வளைவின் உள்விளிம்பை உரசிக்கொண்டு திரும்பியது. கார் நிமிர்ந்து போயே போய்விட்டது. படிக்கட்டில் வெங்காயக் கூடையோடு இடுப்பைத் திருப்பினாளே, அதேதான்.

ஏழாவது சுற்று நாற்பத்து மூன்று. எட்டாவது நாற்பத்திரண்டு புள்ளி ஏழு. ஒன்பதாவது நாற்பத்திரண்டு புள்ளி மூன்று. அவள் வாழ்நாளில் அதுதான் அதிவேகம். ஒரு வருஷம் பச்சைக் காரின் ஸ்டியரிங்கைத் தொடாமல், மாப்பிள்ளைகளுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து.

பத்தாவது சுற்றை அவள் ஓட்டவில்லை. மெதுவாக உள்ளே வந்து நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கவில்லை. தேறிவிட்டாய் என்று வாழ்த்தத்தான் நான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் முதல்முறையாகத் தானே மூடிக்கொண்டது. தன் வலது காலைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மூன்று வருஷமாகத் திட்டித் திட்டி வைத்திருந்த கால்.

நூல்காரர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தார். வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான்.

"அந்த எட்டு செகண்டு நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னேன்" என்றார் டயரிடம். "உனக்கு அது தெரியாது."

"தெரியாது" என்றாள். "நீங்க சொல்லவே இல்லையே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று பல நாள் தொட்டியருகே நின்றிருக்கிறேன்.

அந்த அணியில் அவளுடைய இடத்துக்கு வேறு ஒருவர் வந்து, ஒரு பருவம் முழுக்க ஓட்டியும் முடித்திருந்தார். ரேஸ்காரி விசாரிக்கக்கூட இல்லை. ஐந்து வாரம் கழித்து இரண்டு பெட்டியோடு பச்சைக் காரில் ஏறினாள். பெரியக்கா வாசல்வரை வந்து அழுதாள், உண்மையாகவே. கிளம்புவதற்கு முன் நூல்காரர் டயர்களின் காற்றைப் பார்த்தார். நாலையும் பார்த்தார், பிறகு மறுபடி முதலிலிருந்து நாலையும் பார்த்தார். அவள் ஸ்டியரிங்கில் கை வைத்துக் காத்திருந்தாள். தெருமுனை வளைவில் கார் ஒரு துளிகூட வீசாமல் நிதானமாகத் திரும்பிப் போனது. சலவைக்கடைக்காரர்தான், "இதுக்கா?" என்று மறுபடியும் கேட்டார். இந்த முறை மெதுவாக.

அவள் இப்போது தொலைவில் வேறொரு ஊரில், டயர் செய்கிற நிறுவனம் ஒன்றின் சோதனைத் தடத்தில் ஓட்டுகிறாள். அங்கே காரை வேண்டுமென்றே எங்கேயாவது கொஞ்சம் கெடுத்து வைத்துவிட்டு ஓட்டச் சொல்வார்களாம். எது கெட்டிருக்கிறது, எவ்வளவு என்று அவள் சொல்ல வேண்டும். அரை மில்லிமீட்டர் வரை சரியாகச் சொல்லிவிடுகிறாளாம். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்தவுடன் என்ன மாற்றினோம் என்று எழுதிய தாளை அவள் கையில் கொடுத்துவிடுவார்களாம், அது அங்கே விதி. "அதுக்காகவே இங்க இருக்கேன்கா" என்று போனில் சொன்னாள். மறுகல்யாணம் எதுவும் செய்துகொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ ஒரு நில அளவையாளர் இருப்பதாகப் பேச்சுவாக்கில் வந்தது. துருவிப் பார்த்தேன், பிடிகொடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, விவாகரத்தும் முடிந்த பிறகு, நூல்காரருக்குப் பெரியக்கா ஒரு கணக்கு டீச்சரைப் பார்த்து முடித்துவைத்தாள். நல்ல பெண், சாதுவான சின்னக் கார், பள்ளிக்கூடத்துக்குப் போய்வர. அதற்குச் சக்கரம் பார்க்கும்போது அவர் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறார். திரையை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் நட்டைத் தொடுகிறார். நூல் ஆணியில் சுருண்டு கிடக்கிறது. டீச்சரின் எடை தெருவில் யாருக்கும் தெரியாது.

பட்டறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று டீச்சர் சுவரோரம் கிடந்த மணல் மூட்டைகளில் ஒன்றை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். இன்னொன்றைப் பெரியக்கா செடிக்குக் கொட்டிவிட்டாள். மூன்றாவது எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. போன மாதம் நூல்காரருடைய வண்டி எங்கள் வாசலில் நின்றபோது பக்கத்து இருக்கையில் இருந்ததைப் பார்த்தேன், பெல்ட் போட்டு. யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.